சிவப்பு நூலின் சமாதானம்

ஒரு தையல் மெஷினில் மேலே சிவப்பு நூல், கீழே பாபினில் கறுப்பு நூல். தோல் பையின் மேல்பக்கம் தையல் ஒழுங்காகத்தான் ஓடியது. புரட்டினால் அடிப்பக்கமெல்லாம் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது.

"கீழே நடக்கிற கூத்துக்கு கீழே இருக்கிறவனைத்தான் கேக்கணும்," என்றது சிவப்பு நூல்.

தையல்காரர் லாசருக்கும் அப்படித்தான் பட்டது. கறுப்பு நூலைப் பிடிக்கும் பாபின் திருகாணியை இறுக்கினார். வளையங்கள் இன்னும் பெருகின.

"அவனுக்கு இது பத்தாது. இன்னும் இறுக்கணும்," என்றது சிவப்பு. லாசர் மறுபடி இறுக்கினார்.

மூச்சுத் திணறிய கறுப்பு நூல் ஊசியைப் பார்த்தது. "அண்ணே, நீங்கதான் மேலயும் கீழயும் போய் வர்றவரு. தொங்குறது என்ன கலருன்னு சொல்லுங்க."

ஊசி ஒருமுறை இறங்கி ஏறியது. "அத்தனையும் சிவப்பு," என்றது மெதுவாக.

லாசரும் அப்போதுதான் அதைக் கவனித்தார். நிமிர்ந்து பார்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் தகடுகளுக்குள் போகாமல் சிவப்பு நூல் வெளியே காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பிடித்து உள்ளே மாட்டினார்.

சிவப்பு நூல் தொண்டையைச் செருமியது.

"தம்பி, நமக்குள்ள எதுக்கு இந்த வித்தியாசமெல்லாம்? நாளையிலேருந்து ரெண்டு பேரும் ஒரே கலர்ல இருப்போமே!"