இருபத்தாறு திருப்பங்கள்

கொல்கத்தா சால்ட் லேக் அலுவலகத்தின் நான்காம் மாடியில், சன்னல் கண்ணாடி முழுக்கப் பிற்பகல் மழை வழிகிறது. மிருதுளாவின் கையில் கலைந்து கிடக்கும் ரூபிக்ஸ் க்யூப். அதன் நிறங்களை இப்போதுதான் கணினியில் ஓடும் நிரலில் பதிவு செய்து முடித்திருக்கிறாள். சேர்ந்திருக்கும் க்யூபைத் தானே லட்சக்கணக்கான முறை கலைத்துப் பார்த்து, திரும்பி வரும் வழியைத் தானே கற்றுக்கொள்ளும்படி எட்டு மாதமாக அவள் பழக்கிய நிரல் அது. போன வாரம் மேலதிகாரிகள் முன்னால் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. இன்றும் தவறினால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

திரையில் விடை வந்துவிட்டது. உடன் வேலை பார்க்கும் முத்துக்குமார் திருப்பங்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் திருப்புகிறாள். க்யூப் கடகடக்கிறது. மண்குவளையில் தேநீர் ஆடை கட்டுகிறது.

"இருபது முடிஞ்சுது. அடுத்து மேல் அடுக்கு, இடது பக்கமா."

"இன்னும் ஒரு பக்கம்கூடச் சேரலியே, முத்து."

"திருப்புங்கக்கா. இன்னும் ஆறு இருக்குல்ல."

இருபத்து மூன்றில் வெள்ளைக் கட்டங்கள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. இருபத்தைந்தில் ஒரே ஒரு அடுக்கு மட்டும் விலகி நிற்கிறது. கடைசித் திருப்பத்தில் ஆறு பக்கமும் ஆறு நிறமாக நிற்கின்றன.

முத்துக்குமார் மேசையை ஓங்கித் தட்டுகிறான். மிருதுளா நாற்காலியில் சாய்கிறாள். காதுவரை ஏறியிருந்த தோள்கள் மெல்ல இறங்குகின்றன.

"கலைச்சு இன்னொரு தடவ பாப்பமாக்கா?" அவன் கை நீட்டுகிறான்.

"ஏக்டு தாடாவ்." கொஞ்சம் பொறு என்று வங்காளம் தானாக வந்துவிடுகிறது. க்யூபை இரு கைகளாலும் பொத்திக்கொள்கிறாள். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும், முத்து."