பென்டிரைவில் இருந்தது

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கணினியிலிருந்து பென்டிரைவை உருவ அவனுக்குக் கை வரவில்லை.

மனைவி இன்னும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். தொண்டையில் அறுவை நடந்ததிலிருந்து அவளுக்கு விரல்தான் வாய். அவள் தட்டுவதைக் கணினி உரக்க வாசிக்கும்.

ஆஸ்பத்திரிக் கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ விடமாட்டார்கள். கணினி பழுது பார்க்கிறவனுக்கு அதெல்லாம் ஒரு தடையா? நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும்படி அந்த வாசிக்கும் மென்பொருளை மாற்றிக் கொண்டுவந்தான்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

வார்டில் பேச முடியாத மற்றவர்களும் கேட்டார்கள். ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடுத்தான். இணையத்திலும் ஏற்றி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி, கீழே தன் தொலைபேசி எண்ணையும் போட்டுவைத்தான். திருடுகிறவன் யாராவது விலாசம் கொடுத்துவிட்டுத் திருடுவானா?

சும்மா கிடைத்ததைச் சும்மா கொடுப்பதில் என்ன தப்பு என்று நினைத்துவிட்டான். உரிம ஒப்பந்தத்தை அவன் படிக்கவில்லை. யார்தான் படிக்கிறார்கள். பயன்படுத்தலாம், மாற்றக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மீறினால் பயன்படுத்தும் உரிமையும் போய்விடும்.

மென்பொருள் கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. இன்று மாலைக்குள் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டு எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் வழக்கு.

கெஞ்சிப் பார்த்தான். கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். இரக்கப்படுவது அவர் வேலையில் இல்லை.

மற்றப் பிரதிகளையெல்லாம் காலையிலேயே அழித்தாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான்.

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்குண்ணா இப்படி இடிஞ்சு போறீங்க? தாராளமா பகிரலாம்னே எத்தனையோ சாஃப்ட்வேர் இருக்கே. அதுல ஒண்ணப் போட்டுக் குடுங்க."

அவன் தலையாட்டினான். இருக்கின்றன. அவனுக்குத் தெரியாதா என்ன.

மனைவி தட்டி முடித்தாள். கணினி வாசித்தது.

"எடுத்துக்கோங்க. ரொம்ப யோசிக்காதீங்க."

உருவினான். அவள் உதடுகள் அசைந்தன. ஒன்றும் வரவில்லை.

வழக்கமாக அவன் படியில்தான் இறங்குவான். இன்று லிஃப்டில் ஏறினான்.

"கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நில்லுங்கள்."

அவளேதான்.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில், அதே கம்பெனி ஓர் அறையில் உட்காரவைத்து வாரக்கணக்கில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்த குரல். மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் ஊரெல்லாம் நான்தான் பேசுவேன் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பென்டிரைவில் இருந்ததும் அந்தக் குரல்தான். லிஃப்டுக்கு முறையான உரிமம் இருக்கிறது.

"தரைத் தளம்" என்றாள்.

கதவு திறந்தது. அவன் இறங்கவில்லை. கடைசி மாடியின் பொத்தானை அழுத்தினான்.