கர்சாங்கின் துண்டு

வெந்நீர் ஊற்றின் ஆவி முற்றத்தை மூடுவதும் விடுவதுமாக இருக்கிறது. நடந்து களைத்த வெளிநாட்டுப் பயணிகள் வரிசையாகத் தலை குனிய, சுன்மாயா ஒவ்வொருவர் கழுத்திலும் வெள்ளைப் பட்டுத்துண்டு போட்டு வரவேற்கிறாள். கடைசியாக நிற்பவன் வழிகாட்டி நோர்சாங். போன பனிக்காலத்தில், சுமை தூக்கப் போன அவள் தம்பி கர்சாங்கைக் கணவாயில் விட்டுவிட்டு இறங்கி வந்தவன். அவனுக்கு மட்டும் இடுப்புக் கச்சைக்குள்ளிருந்து ஒரு துண்டை உருவிக் கழுத்தில் போடுகிறாள். அது நெய்விளக்குப் புகையில் பழுப்பேறியிருக்கிறது. தொட்டுப் பார்த்த அவன் விரல்கள் அப்படியே நிற்கின்றன.

"தெரியுதா அண்ணே? தம்பியக் கீழ கொண்டாந்தப்ப பொணத்து மேல போட்டது. எரிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

பிணத்தின் துண்டு யார் தோளில் விழுகிறதோ, செத்தவன் அவன் பின்னாலேயே நடப்பான் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அவன் கை துண்டைப் பற்றுகிறது.

"கழட்டாதீங்க, விருந்தாளிங்க படம் புடிக்கிறாங்க."

நரைத்த தாடிப் பயணி ஒருவர், அவள் என்ன சொல்கிறாள் என்று அவனைக் கேட்கிறார். "நல்லபடியா போய்ட்டு வாங்கன்னு வாழ்த்துறாங்க," என்கிறான் நோர்சாங். பயணிகள் கை தட்டுகிறார்கள். சுன்மாயாவும் சிரித்துக்கொண்டே கை தட்டுகிறாள்.

"நாளைக்குக் கணவாய் ஏறுறப்ப தம்பியும் கூட வர்றான்னு சேத்துச் சொல்லுங்கண்ணே."