சூடான இன்ஜின்

இன்ஜின் மேல் வைத்த கையைப் பார்த்திபன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். நன்றாகச் சுட்டது. இந்தக் காலை நேரத்தில் டிராக்டர் இப்படிக் கொதிக்கிறதென்றால் விற்கிற ஆள் சரியில்லை என்று முடிவுகட்டினான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவன் ஆறிப்போன இன்ஜினைத்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும், இது அண்ணன் தனசேகரன் சொல்லி அனுப்பியது. கோளாறு உள்ள வண்டியை, ஆள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார்களாம். அப்புறம் அது குழந்தை மாதிரி சமர்த்தாகக் கிளம்பும்.

"காத்தால ஒரு வேலை இருந்துச்சு சார். இப்பத்தான் வந்து நிறுத்தினேன்" என்றார் வண்டிக்காரர் இளையபெருமாள். விற்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று பார்த்திபன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

வல்லத்துப் பக்கம் நைனா பிரித்துக் கொடுத்த ஒன்றேகால் ஏக்கர்தான் அவனுடைய சொத்து. வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் இவன். போன வருஷம் வாடகை டிராக்டர் வரட்டும் வரட்டும் என்று காத்திருந்ததில் மழை ஈரம் போய்விட்டது, விதைத்ததில் பாதி முளைக்கவே இல்லை. இந்த முறை கடலை பிடுங்கிய கையோடு, பன்றி வராமலிருக்க மனைவி ஜெயசுதா வரப்பில் கட்டிய பழைய சேலைகளைக்கூட அவிழ்க்காமல், சொந்த வண்டியோடுதான் நிலத்தில் இறங்குவது என்று இருந்தான்.

அண்ணன் மாதிரி ஒரு அண்ணன் கிடைக்க வேண்டும். ஊரில் பங்காளிகள் போலீஸ் ஸ்டேஷன் படியேறிக் கொண்டிருக்க, இவன் அண்ணன் பனமலையில் ஒரு வண்டி இருப்பதாகத் துப்புச் சொல்லி, ஜெயசுதாவையும் கூட்டிக்கொண்டு போய் மாமியார் வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு வரச் சொன்னான். மாட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். பனமலை வண்டி காயலான் கடைக்குத்தான் லாயக்கு, அது அண்ணன் குற்றமில்லை. அங்கே மச்சான் கொடுத்த இளையபெருமாளின் நம்பருக்குப் போன் செய்துவிட்டு, இன்று விடிந்ததும் பைக்கில் தனியாகச் செஞ்சிக்கு வந்திருந்தான்.

டயரைப் பார்த்தான், பின்னால் மாட்டியிருந்த கலப்பையைப் பார்த்தான். கொழுவில் மண்ணோடு மண்ணாக ஊதா நிறத்தில் ஒரு சேலைத் துண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதை உருவி, கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டான்.

"சூடா இருக்குதா? அப்ப அந்த வண்டி நமக்கு வேணாம்டா. பனமலையில எவன் அது?"

"பனமலை இல்லண்ணா, செஞ்சில இருக்கறேன்."

"செஞ்சிலயா?" என்றான் அண்ணன். பிறகு, ஜெயசுதாவை அங்கே விட்டுவிட்டுத் தனியாக வந்தால் மாமியார் என்ன நினைப்பார், திரும்பிப் போய் இன்றைக்கும் இருந்துவிட்டு வா என்றான். இந்தக் காலத்தில் யார் இப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்த்திபனுக்கு மனம் நெகிழ்ந்தது.

அந்த நெகிழ்ச்சி, இளையபெருமாளைப் பார்த்ததும் எரிச்சலாக மாறியது. ஒன்றேகால் ஏக்கர்க்காரனை ஏமாற்ற இந்த மனுஷனுக்கு எப்படி மனசு வருகிறது?

"வேற ஆளைப் பாருங்க" என்று பைக் சாவியை எடுத்தான்.

இளையபெருமாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பொய் சொல்கிற பழக்கம் தனக்கில்லை என்றார். விடிவதற்கு முன்பே போய் ஒரு வரப்பைக் கல்லோடு பெயர்த்துப் போட்டுவிட்டு வந்ததாகவும், இழுவை இல்லாத வண்டியால் அது முடியுமா என்றும் கேட்டார்.

பார்த்திபன் விடவில்லை. வரப்பு எடுக்கிறவன் எவனாவது இருட்டில் எடுப்பானா? அதற்குச் செஞ்சியிலிருந்து வண்டி கூப்பிடுவானா, உள்ளூரில் டிராக்டரே இல்லையா? பொய்யை அங்கேயே கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு, அந்த ஊதாத் துணியில் விரல்களை அழுத்தித் துடைத்தான்.

இளையபெருமாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ளூர் வண்டின்னா சேதி போயிடுமாம் சார். சாயந்திரம் பத்தடி தள்ளிப் புது வரப்பு வேற போடணும்."

"யாருக்குச் சேதி போயிடும்?"

"தம்பிக்காரனுக்குத்தான். பனமலையில மாமியார் வூட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கறேன், அவன் வர்றதுக்குள்ள முடிச்சிடுன்னாரு."