சிங்க மூலை

"இன்னிக்கும் முடிவு எடுக்காம டீயைக் குடிச்சிட்டுக் கலைஞ்சீங்கன்னா, உன் நாற்காலியில ஸாய் காம் உக்காருவாரு. மனசுல வச்சுக்காதே ஸாண்டி, வியாபாரம்னா அப்படித்தான்" என்றார் முதலாளி ஊ கவுங், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே.

யாங்கோனில், ஊறுகாய் போலச் சாப்பிடும் ஊறுதேயிலை மொத்த வியாபாரம். தகர டின்னில் விற்றதைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு பஸ் நிலையங்களில் விற்கலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. மேலாளராக வந்தது முதல் மா ஸாண்டி கூட்டம் போடுகிறாள். கேள்வி போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

பாங்காக்கிலிருந்து ஒருவர் வந்து பயிற்சி கொடுத்துப் பார்த்தார். மனிதர்கள் நான்கு வகை, ஆளுக்கு ஏற்றபடி பேசினால் கூட்டம் தானாக நடக்கும் என்றார். நான்கு வகை அவளுக்குப் போதவில்லை. அவள் ஊரில் புதன்கிழமையை இரண்டாக வெட்டி எட்டு வகை வைத்திருக்கிறார்கள். பிறந்த கிழமைக்கு ஒரு விலங்கு, விலங்குக்கு ஒரு குணம்.

விற்பனை பார்க்கும் கோ தெட் வை வெள்ளிக்கிழமை. வாலில்லாப் பெருச்சாளி, பாக்கெட் போட்டே ஆகணும் என்று வாய் ஓயாது. கணக்கு பார்க்கும் டாவ் நீலா சனிக்கிழமை. நாகம், சண்டை இல்லாவிட்டால் சோறு இறங்காது. கிழமைக்கு உரிய எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள் என்பதால், இதெல்லாம் பெயரின் முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

பிடிபடாதவர் ஸாய் காம் ஒருவர்தான். ஷான் மலைக்காரர், அவர்கள் பெயரில் கிழமை இருக்காது. கோப்பில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று என்று இருக்கிறது. அது பள்ளிக்கூடத்து வாத்தியார் பெற்றெடுத்த தேதி. இருபது வருட அனுபவம். இவள் வராமல் இருந்தால் இந்த நாற்காலியே அவருக்குத்தான். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார்.

போன வாரம் அதற்கும் விடை கிடைத்தது. புத்தர் கோயிலில் கிழமைக்கு ஒரு மூலை உண்டு; அவரவர் பிறந்த கிழமை மூலையில் இருக்கும் விலங்குச் சிலைக்குத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள். அவள் தன் மூலைக்கு, செவ்வாய்க்கிழமைச் சிங்கத்துக்கு, தண்ணீர் ஊற்றப் போனாள். அங்கே ஸாய் காம் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருந்தார். அவரும் செவ்வாய். அவரும் சிங்கம். சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டாள்.

இன்று கூட்டம். முதலாளி கதவோரம் வந்து நின்றுகொண்டார்.

"தெட், பலகையில நீதான் எழுதணும். எல்லாரும் சொல்றதை ஒரு வார்த்தை விடாம" என்றாள் ஸாண்டி.

"அப்ப நான் எப்பப் பேசறது?"

"எழுதி முடிச்சிட்டு."

கை ஓடியது, வாய் நின்றது.

"நீலா அக்கா, பாக்கெட் திட்டத்துல என்னென்ன ஓட்டையோ அத்தனையும் சொல்லுங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் யாரும் பதில் பேசக் கூடாது."

டாவ் நீலா சீறினார். பாக்கெட் போடும் மெஷின் வாங்கும் கடனுக்கு வட்டி, மழையில் பிசுபிசுக்கும் பாக்கெட், தெட் வையின் தலைமுடி எண்ணெய் வரைக்கும் போனார். எதிர்த்துப் பேச ஆளில்லாத சண்டை எவ்வளவு நேரம் ஓடும்? "அதுக்காக ஒரேயடியா வேணாம்னும் சொல்லல" என்று தானே இறங்கி வந்தார்.

அடுத்தது சிங்கம். சிங்கத்திடம் சுற்றி வளைக்கக் கூடாது, கெஞ்சக் கூடாது. எல்லாருக்கும் முன்னால் நேராகக் கேட்க வேண்டும்; தன்னிடம் யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்று அவள் ஏங்கியது போல.

"ஸாய் காம் அண்ணே, உங்க வார்த்தைக்குத்தான் காத்திருக்கோம். உண்மையைச் சொல்லுங்க."

தெட் வை வாயைத் திறந்தான்; டாவ் நீலா அவன் காலை மிதித்தார்.

ஸாய் காம் எழுந்து நின்றார். அந்த அறையில் அவர் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"தெட் சொல்றது சரி. நீலா சொல்றதும் சரி. மெஷினை வாங்க வேணாம், வாடகைக்கு எடுப்போம். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாப்போம். ஓடலேன்னா பழி என்னோடது. எழுதிக்க தெட், என் பேரைப் போட்டே எழுது."

நாகம் தலையாட்டியது. பெருச்சாளி, தான் பேச வேண்டியதையே மறந்து எழுதிக்கொண்டிருந்தது. கதவோரம் முதலாளி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"என்ன மந்திரம் போட்டே நீ? நாற்காலி உன்னோடதுதான்" என்று அவளிடம் முணுமுணுத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு ஸாண்டி சிரித்தாள்.

"அண்ணே, இன்னிக்கு நீங்க நிஜமாவே சிங்கம். என் கிழமைக்காரர்தானே, எனக்கா தெரியாது?"

"நானா? நான் வியாழக்கிழமைம்மா. எலி."

"விளையாடாதீங்க. போன வாரம் சிங்க மூலையில தண்ணி ஊத்தினீங்களே, பாத்தேனே."

ஸாய் காமுக்கு முகம் சிவந்துவிட்டது. மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நாற்காலி விஷயத்தை முதலாளி எங்கிட்டத்தான் முதல்ல சொன்னாரு. நீ தோத்துடக் கூடாதேன்னு உன் கிழமைக்கு ஊத்தினேன், தங்கச்சி. வயசுக்கு ஒரு குவளை ஊத்தணும், உன் வயசு தெரியல... குறைஞ்சிடக் கூடாதுன்னு என் வயசுக்கே ஊத்திட்டேன்."