முன்னாலயா, பின்னாலயா?

"வேகமும் திசைவேகமும் ஒண்ணு இல்லம்மா. எத்தன தடவ சொல்லுதது?" அபிதா சலித்துக்கொண்டாள்.

"கோவப்படாத மக்களே. இன்னொருக்க சொல்லு."

மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி மகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள் பெமிலா. மறுநாள் அபிதாவுக்குக் கல்லூரியில் இயற்பியல் தேர்வு. யாருக்காவது சொல்லிக்கொடுத்தால்தான் அவளுக்கு மண்டையில் நிற்கும். வேறு ஆள் கிடைக்காமல் அம்மாவைப் பிடித்திருந்தாள்.

"அஞ்சுகிராமம் பஸ் அறுபதுல போவுது. அது வேகம். எந்தப் பக்கம் போவுதுன்னும் சேத்துச் சொன்னா திசைவேகம். அது மாறினா முடுக்கம். மாறாம ஒரே சீரா, நேரா போனா நிகர விசை பூஜ்யம்."

"பூஜ்யமா? எஞ்சின் தள்ளாமலா பஸ் போவுது?"

"எஞ்சின் முன்னால தள்ளுது. காத்தும் ரோடும் பின்னால இழுக்குது. ரெண்டும் சரிக்குச் சரி. மனசிலாச்சா?"

"எங்க மனசிலாவ! தள்ளுதுன்னு சொல்லுதே, பூஜ்யம்னும் சொல்லுதே. எனக்குத் தலை சுத்துது."

"சரி, பஸ்ஸுல நீ நிக்கேன்னு வச்சுக்கோ. டிரைவர் சட்டுனு பிரேக் போட்டா எந்தப் பக்கம் விழுவ?"

"பின்னால."

"ஐயோ, முன்னால! பஸ் நின்னாலும் உன் உடம்பு போய்க்கிட்டேதான் இருக்கும். சட்டுனு வேகம் எடுத்தாதான் பின்னால விழுவ."

பெமிலாவின் நெற்றி சுருங்கியது. "பிரேக் போட்டா பின்னால விழவே மாட்டோமா?"

"மாட்டோம்."

"என்னைப் போல கனமான ஆளுன்னாலுமா?"

"யானைன்னாலும் அப்படித்தான். புக்குல இருக்குதத நீ மாத்தப் போறியா?"

வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். பெமிலா எழுந்து வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் தன் நாயை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள். நாயைச் சுசீந்திரத்தில் தங்கை வீட்டில் கொண்டு விடப் போகிறாளாம்.

"கொண்டு போங்க. பெமிலா கையை முறிச்ச நாய் இந்தத் தெருவுல இனி வேண்டாம்" என்றார் வாசலில் நின்ற பெமிலாவின் கணவர் சுந்தரராஜ், கறாராக. போன வாரம் அது குறுக்கே பாய்ந்ததால் ஸ்கூட்டர் ஓட்டிய அபிதா பிரேக் போடப் போய்த்தான் பின்சீட்டிலிருந்த பெமிலா விழுந்தாள் என்று தெருவுக்கே தெரியும்.

"இஞ்சேருங்க, கொஞ்சம் பொறுங்க" என்றாள் பெமிலா. "நாய் வந்ததை நான் பாக்கல்ல. ஆனா பிரேக் போட்டா முன்னாலதான் விழணுமாம். நான் மல்லாந்து பின்னாலல்லா விழுந்தேன்? எவ்வளவு யோசிச்சாலும் ஒண்ணும் மனசிலாவல்ல."

சுந்தரராஜுக்கும் விளங்கவில்லை. "ஓட்டினவளக் கேட்டா தெரிஞ்சிரும்" என்று வீட்டுப் பக்கம் திரும்பினார்.

கையில் புத்தகத்தோடு வாசலில் நின்றிருந்த அபிதாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நாய் வரவே இல்லப்பா. எவ்வளவு வேகம் எடுக்குதுன்னு பாக்க, நான்தான் ஆக்சிலேட்டரைச் சட்டுனு முறுக்கிட்டேன்."