மாதாமாதம்

பேருந்து மோதி இறந்த கொத்தனார் பூவலிங்கத்துக்கான நஷ்டஈட்டை மொத்தமாகவும் வாங்கலாம், இருபது வருடம் மாதாமாதமும் வாங்கலாம் என்றார் வக்கீல். “மாசாமாசமே வரட்டும் சார்,” என்றாள் மனைவி செல்லக்கனி. “அந்த மனுசன் என்னைக்கு மொத்தமாத் தந்தாரு? நாலு தடவ கேட்டு, ரெண்டு தடவ சண்ட போட்டாத்தான் சட்டப்பையே தொறக்கும்.” வக்கீல் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றாம் தேதி, சண்டைக்குப் போகிறவள் மாதிரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வங்கியில் போய் நின்றாள். “காலையிலேயே ஏறிடுச்சும்மா,” என்று பாஸ்புக்கை நீட்டினார் கவுண்டரில் இருந்தவர். “நான் இன்னும் கேக்கவே இல்லையே சார்?” என்றாள் செல்லக்கனி. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவள் கவுண்டர் கம்பியை விடவேயில்லை.